போர்வை மேல் உட்கார்ந்த வௌவால்

கேள்வி: பிட்ஸ்பர்க் புறநகரில் இருக்கிறோம். ஆகஸ்ட் நடுவில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், மூன்று வயது மகள் வீறிட்டு அழுதாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார்தான் அவளோடு படுத்திருந்தார். விளக்கைப் போட்டால், குழந்தையின் கால்மாட்டில் போர்வை மேல் ஒரு வௌவால். கணவர் ஓடிவந்து ஜன்னலைத் திறந்து, துண்டை வீசி விரட்டிவிட்டார். கடித்த தடம் எங்கும் இல்லை. மறுநாள் விசாரித்தபோது, குழந்தைக்கும் மாமியாருக்கும் ரேபிஸ் ஊசி போடச் சொல்கிறார் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகாதார அலுவலர். மாமியாரோ, “எங்க ஊர்க் கோயில் மண்டபத்துல இல்லாத வௌவாலா? யாருக்கு வெறி புடிச்சுது? தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி நான் போட்டுக்கிட மாட்டேன்” என்கிறார். காட்டு வௌவாலில் நூற்றில் ஒன்றுக்குக்கூட ரேபிஸ் இல்லை என்று நானும் படித்தேன். பிறகு எதற்கு இந்த மிரட்டல்? மூன்றாம் நாள் வீட்டின் பின்பக்க டெக்கில் (மரப்பலகைத் திண்ணையில்) ஒரு வௌவால் செத்துக் கிடந்தது. அதைச் சோதனைக்குக் கொடுத்தால் ஊசியிலிருந்து தப்பிக்கலாமா? ரக்கூன் என்கிற இந்த ஊர்க் காட்டு விலங்குக்கு ஊரெல்லாம் மருந்து போடுகிறவர்கள் வௌவாலுக்கு ஏன் போடுவதில்லை? மாமியார் இம்மாதக் கடைசியில் ஊருக்குக் கிளம்புகிறார். (வாசகி, பென்சில்வேனியா)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தனியாக ஒரு வரி எழுதினேன்: “இன்றைக்கே கூட்டிப் போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.” குழந்தைக்கும் ஆச்சிக்கும் முதல் ஊசி போட்டாயிற்று என்று உங்களிடமிருந்து பதில் வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, இந்த நாட்டில் பல வருஷம் ரேபிஸ் சோதனைக்கூடத்தில் வௌவால் மூளையோடு பழகியவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெக்கில் செத்துக் கிடந்த வௌவால். உங்கள் கேள்விகளில் மிகவும் நுட்பமானது இதுதான். பதில்: தப்பிக்க முடியாது. போர்வையில் உட்கார்ந்ததும் டெக்கில் கிடந்ததும் ஒன்றுதான் என்று யாரால் சாட்சி சொல்ல முடியும்? உங்கள் வீட்டு அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், ஒரு குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கலாம். பென்சில்வேனியாவில் அது சாதாரணம். செத்ததில் ரேபிஸ் இல்லை என்று வந்தால், பறந்து போனதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இருக்கிறது என்று வந்தால் ஊசிக்கு இன்னும் ஒரு காரணம் கூடும், அவ்வளவுதான். யாரும் கையால் தொடவில்லை, வீட்டுப் பிராணியும் வாய் வைக்கவில்லை என்றால் அதைச் சோதனைக்கூடம் வாங்காமலேகூட விடலாம். வெறுங்கையால் எடுக்காதீர்கள், மண்வெட்டியால் அள்ளி இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்வார்கள்.

உங்களுக்கு உண்மையான விடுதலைப் பத்திரம் அந்த ஜன்னல் வழியாகப் பறந்து போய்விட்டது. உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை. நடுராத்திரியில் குழந்தை அழும்போது எந்த அப்பாவும் ஜன்னலைத்தான் திறப்பார். ஆனால் இன்னொரு முறை வந்தால் (அட்டிக்கில் இருந்தால் வரும்) ஜன்னலைச் சாத்துங்கள். அறைக் கதவையும் சாத்தி, கதவடி இடுக்கில் துண்டைத் திணியுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் சுற்றிவிட்டு அது எங்காவது சுவரிலோ திரைச்சீலையிலோ ஒட்டிக்கொள்ளும். தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையை மெல்லச் செருகி, டேப் ஒட்டிவிடுங்கள். அடிக்க வேண்டாம், முக்கியமாகத் தலையில். சோதனைக்கு வேண்டியதே அந்தத் தலைக்குள் இருப்பதுதான்.

ஒரு முறை ஒரு குடும்பத்தார் டென்னிஸ் மட்டையால் அடித்த வௌவாலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உடம்பு முழுசாக இருந்தது. தலை இருந்த இடத்தில் கூழ். வெறும் பதினைந்து, இருபது கிராம் எடையுள்ள பிராணி அது, மூளை ஓர் அவரை விதையளவு. அந்த விதையைத் திறந்து, மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுப்போம். அசிட்டோனில் நனைத்து, ரேபிஸ் வைரஸில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அதன் மேல் விட்டு, கழுவி, இருட்டறையில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்போம். வைரஸ் இருந்தால் கறுப்பு வானத்தில் பச்சை ஆப்பிள் நிறத்தில் புள்ளிப் புள்ளியாக மின்னும். 1958இல் வந்த முறை; இன்றைக்கும் இதைத்தான் நம்புகிறோம். மாதிரி கைக்கு வந்துவிட்டால் சில மணி நேர வேலை. ஆனால் அந்தக் கூழில் மூளைத்தண்டு எது, ரத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. “சோதிக்க இயலாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் நாலு பேருக்கும் ஊசி. அவர்களுக்குப் போனில் சொல்லும்போது எதிர்முனையில் அந்த அப்பா விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

இங்கேதான் ‘கண்காணிப்பு’ என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் வேறுபடுகிறது. பெரும்பாலானவர்கள் நினைப்பது, அரசாங்கம் காட்டுக்குள் ஆள் அனுப்பி, வலை விரித்து, வௌவாலைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறது என்று. ஆராய்ச்சிக்காக அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பொதுச் சுகாதாரக் கண்காணிப்பின் முதுகெலும்பு அதுவல்ல. உங்களைப் போன்ற ஒருவர் வீட்டில் வௌவால் நுழைந்து, அவர் டப்பாவில் அடைத்துக் கொடுப்பதுதான் கண்காணிப்பு. அப்படி வருபவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ரேபிஸ் இல்லை என்றுதான் பதில் போகும். அந்த ‘இல்லை’தான் சோதனைக்கூடத்தின் முக்கியமான விளைபொருள் என்பேன். ஒவ்வோர் ‘இல்லை’யும் ஒரு குடும்பத்துக்கு நாலு நாள் ஊசியையும் பல ஆயிரம் டாலர் செலவையும் மிச்சப்படுத்துகிறது.

இப்போது நீங்கள் படித்த ‘நூற்றில் ஒன்றுக்கும் குறைவு’. கணக்கு சரி, பொருத்திய இடம் தப்பு. அது வலையில் பிடித்த, நன்றாகப் பறந்துகொண்டிருந்த வௌவால்களின் கணக்கு. மக்கள் கொண்டுவந்து கொடுப்பவற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பாசிட்டிவாக வரும். காரணம் எளிது: நோய் முற்றிய வௌவாலுக்குப் பறக்க வராது, பகலில் தரையில் கிடக்கும், சுவரில் மோதும், மனிதர் கையில் சிக்கும். ஆக ஒரு கணக்கு குறைத்துக் காட்டுகிறது, மற்றது கூட்டிக் காட்டுகிறது. பாசிட்டிவ் வந்த இடங்களைக் குறிக்கும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் கவுண்டியில் நோய் அதிகம் என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே ஆட்கள் அதிகம், டப்பாவோடு வருகிறவர்கள் அதிகம், அதனாலும் இருக்கலாம். எந்தச் சதவீதமும் உங்கள் மகள் போர்வையில் உட்கார்ந்த அந்த ஒரு வௌவாலைப் பற்றிப் பேசாது. ஆகஸ்டில் வீட்டுக்குள் வருபவற்றில் பல, அப்போதுதான் பறக்கப் பழகி வழி தவறிய குட்டிகள். உங்களுடையதும் அப்படி ஒன்றாக இருந்திருக்கலாம். அதை நிரூபிக்க இப்போது அது நம்மிடம் இல்லை.

நம் ஊரில் ரேபிஸ் என்றால் நாய். இங்கே 2021இல் ரேபிஸ் உறுதியான விலங்குகள் நாடு முழுக்க 3,663. அதில் வௌவால் 1,241, ரக்கூன் 1,030, நாய் வெறும் 36. 1960 முதல் 2018 வரை இந்த நாட்டிலேயே தொற்றி ரேபிஸ் கண்டவர்கள் 89 பேர். அதில் 62 பேருக்கு வௌவால் வழியாக. ஆறு பத்தாண்டுகளில் 62 என்பது சின்ன எண்தான். ஆனால் அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் இந்த எண்ணை மற்ற நோய்களின் எண்களோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அதே 2021இல் செப்டம்பர் கடைசிக்கும் நவம்பர் பத்தாம் தேதிக்கும் நடுவே மூன்று பேர் வௌவால் ரேபிஸில் இறந்தார்கள். இல்லினாயில் எண்பதைத் தாண்டிய ஒருவர், தூங்கி எழுந்தபோது கழுத்தில் வௌவால். அதைப் பிடித்தார்கள், சோதித்தார்கள், பாசிட்டிவ். கண்காணிப்பு தன் வேலையை முழுசாகச் செய்தது. அவர் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் அறிகுறி. மற்ற இருவரில் ஒரு சிறுவனும் உண்டு. அவர்கள் விஷயத்தில், தொட்டது தெரியும். கடித்த தடம் தெரியவில்லை, அதனால் யாரும் டாக்டரிடம் போகவில்லை. தடம் இல்லை என்று நீங்கள் எழுதியதும் எனக்குச் சுருக்கென்றது அதனால்தான். இங்குள்ள பூச்சிதின்னி வௌவாலின் பல் ஊசிமுனை போல மெல்லிசு. மறுநாள் காலையில் விளக்கு வெளிச்சத்தில் தேடினால் கொசுக்கடி அளவுக்குக்கூட இருக்காது.

உங்கள் சந்தேகத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ‘அறையில் வௌவால் இருந்தது, அவ்வளவுதான்’ என்ற காரணத்துக்கே எல்லோருக்கும் ஊசி போடுவது அதிகப்படி என்று கனடாவில் கணக்குப் போட்டார்கள். அப்படி ஓர் உயிரைக் காக்க லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட வேண்டியிருக்கும் என்று வந்தது. 2009இல் அங்கே விதியைத் தளர்த்தி, நேரடியாகப் பட்டிருந்தால்தான் ஊசி என்றார்கள். சுவரோரம் வௌவால், அறையில் விழித்திருந்த பெரியவர்கள் என்றால் நானும் தலையாட்டுவேன். உங்கள் கணவருக்கு ஊசி சொல்லாதது அதனால்தான்; அவர் விழித்திருந்தார், துண்டுதான் பட்டது. உங்கள் மகள் கதை வேறு. முதலில் அழுதது அவள். வௌவால் இருந்தது அவள் கால்மாட்டில். என்ன நடந்தது என்று சொல்லும் வயதில்லை. பக்கத்தில் ஆச்சியும் தூக்கத்தில். நான் அந்த அலுவலர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இனி ஆச்சியின் கேள்வி. கோயில் மண்டபத்து வௌவாலை நானும் பார்த்து வளர்ந்தவன்தான். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம்மிடம் உண்டு. ஆச்சி சொல்வதை நாட்டுப்புறம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாய்க்கும் மனிதருக்கும் வருகிற அதே ரேபிஸ் வைரஸ் வௌவாலில் வாசம் செய்வது வட, தென் அமெரிக்கக் கண்டங்களில்தான். மற்றக் கண்டங்களில் வௌவாலிடம் இருப்பவை அதன் பங்காளி வைரஸ்கள். அவற்றையும் தேடினால்தான் தெரியும். இலங்கையில் 2014, 2015இல் கண்டிக்குப் பக்கத்தில் செத்தும் சுருண்டும் விழுந்த பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது, நான்கின் மூளையில் புதிதாக ஒரு பங்காளி அகப்பட்டது. கன்னொருவை என்ற அந்த ஊர்ப் பெயரையே வைரஸுக்கு வைத்தார்கள். நாகாலாந்தில் பிடித்த வௌவால்களின் ரத்தத்திலும் இப்படிப்பட்ட வைரஸுக்கான எதிர்ப்பொருளைக் கண்டிருக்கிறார்கள். ஊரில் நாய்தான் முதல் எதிரி, அதில் மாற்றமில்லை. ஆனால் “யாருக்கு வெறி பிடித்தது” என்ற கேள்விக்கு, அங்கே வௌவால் தலையைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பதும் ஒரு பதில்.

இங்கேயும் அப்படித்தான் இருந்தது. கரீபியன் கடல் தீவான ட்ரினிடாடில் 1929இல் காலிலிருந்து மேலே ஏறும் பக்கவாதத்தில் ஆட்கள் செத்தபோது போலியோ என்றார்கள். ஜோசப் லென்னாக்ஸ் பவன் என்ற மருத்துவர் மூளைத் திசுவைப் பார்த்துத்தான் ரேபிஸ் என்றும், கொண்டுவந்தது ரத்தம் குடிக்கும் வௌவால் என்றும் கண்டுபிடித்தார். பூச்சி தின்னும் வௌவால் அப்பாவி என்று அமெரிக்கா அதன் பிறகும் இருபது வருஷம் நம்பியது. 1953இல் ஃப்ளோரிடாவில் ஒரு சிறுவனைக் கடித்த வௌவாலை வீட்டார் எறிந்துவிடாமல் சோதனைக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் தேடவே ஆரம்பித்தார்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது ஆச்சி தலைமுறையின் நியாயமான பயம். ஆட்டு மூளையில் வளர்த்த பழைய மருந்து அது. 2004 கடைசியில் இந்தியாவிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில், 0, 3, 7, 14 என்று நாலு நாள். முதல் நாள் மட்டும் எடைக்குத் தக்கபடி இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள்) கூடும். அதுதான் கொஞ்சம் வலிக்கும். ஆச்சிக்குச் சொல்ல ஒரு சங்கதி தருகிறேன். நம் பக்கத்துக்கு நாய்க்கடி மருந்து தயாரித்துக் கொடுத்த குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் எழுந்தபோது அதற்கு விழுந்த நன்கொடையில் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பணமும் உண்டு. அவர் உங்கள் பிட்ஸ்பர்க்கில் இரும்பில் சம்பாதித்தவர். ஊருக்கு நடுவில் ஃபிப்ஸ் பெயரில் இருக்கிறதே கண்ணாடி மாளிகைத் தோட்டம், அது அவர் கட்டிக்கொடுத்ததுதான். ஆச்சியை இன்னும் அங்கே அழைத்துப் போகவில்லை என்றால், மூன்றாம் ஊசி அன்று வழியில் ஒரு நடை காட்டிவிட்டு வாருங்கள்.

ரக்கூன் மருந்து: உங்கள் கவுண்டியில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் போடுவது மீன்தூள் பூசிய தடுப்பு மருந்துத் தீனி. ரக்கூன் தரையில் மோப்பம் பிடித்துக் கடித்துத் தின்னும், மருந்து வாயில் படும். பறந்துகொண்டே கொசுவையும் வண்டையும் பிடித்துத் தின்கிற பிராணிக்கு எந்தத் தீனியை எங்கே போடுவது? வௌவாலிடம் நோயைத் தடுக்க இன்றைக்கு நம் கையில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இல்லை. பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும், அதனால் நன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாசிட்டிவ் வந்த மூளையோடு வேலை முடிவதில்லை. வைரஸ் எந்த விலங்கின் வகை என்றும் பார்ப்போம். 2001இல் அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபில் ஸ்கங்குகளுக்கு (நாற்றம் பீய்ச்சும் சிறு காட்டு விலங்கு) ரேபிஸ் வந்தது. வகையைப் பார்த்தால் வௌவாலுடையது. அதுவும் ஸ்கங்கிலிருந்து ஸ்கங்குக்கே பரவியிருந்தது, மொத்தம் 19 ஸ்கங்குகள். ஒரு விலங்கின் வைரஸ் இன்னொன்றில் குடியேறப் பார்ப்பதைச் சூட்டோடு சூடாகக் கண்டது அப்படித்தான்.

அதற்காக அட்டிக்கில் இருப்பதைக் கொன்றுவிடாதீர்கள். 2006இல் நியூயார்க்கில் தலைகாட்டிய வெண்மூக்குப் பூஞ்சை நோயால் வௌவால்கள் ஏற்கெனவே லட்சக்கணக்கில் போய்விட்டன. சின்னப் பழுப்பு வௌவால் என்ற இனம் பென்சில்வேனியாவில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். குட்டிகள் பறக்கப் பழகிய பிறகு, அதாவது இப்போது, சாயங்காலம் எந்த இடுக்கிலிருந்து வெளியே வருகின்றன என்று வாசலில் நாற்காலி போட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் இடைவெளியே போதும் அவற்றுக்கு. வெளியே போகலாம், திரும்ப நுழைய முடியாது என்கிற மாதிரி ஒருவழி வலையைச் சில நாள் தொங்கவிட்டு, பிறகு அடைக்கச் சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்து நாறும்.

செலவு. ஆச்சியின் பயணக் காப்பீடு இதை ஏற்குமா என்று மருத்துவமனையின் பில் பிரிவில் உட்கார்ந்து பேசுங்கள். இல்லை என்று வந்தால், காப்பீடு இல்லாதவர்களுக்கு மருந்துக் கம்பெனிகளே உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. அந்த விண்ணப்பத்தைப் பற்றி சுகாதாரத் துறையில் கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், தினமும் யாராவது கேட்கிறார்கள்.

நான்காம் ஊசி ஆச்சி விமானம் ஏறிய பிறகு விழும் என்றால் அதைத் திருநெல்வேலியிலேயே போட்டுக்கொள்ளலாம், அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் வௌவால் என்று சொன்னால் அங்கே கவுண்டரில் சிரிப்பார்கள். அதனால் எந்த மருந்து, எந்தெந்தத் தேதி, இம்யூனோகுளோபுலின் எவ்வளவு என்று இங்குள்ள டாக்டரிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்து அனுப்புங்கள். பெட்டியில் வேண்டாம், கைப்பையில்.